விளக்கு அணைந்தால் மின்சாரம் இல்லையா?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

வீட்டில் விளக்கு அணைந்தவுடன் நம் வாயிலிருந்து வரும் முதற்சொல் "கரண்ட் இல்லை" என்பதாகும். தெரு முழுவதும் இருண்டு கிடந்தால் அச்சொல் பெரும்பாலும் சரியே. ஆனால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, நம் வீட்டில், அதிலும் இரண்டு அறைகளில் மட்டும் எரியாதபோதும் நாம் அதே சொல்லைத்தான் சொல்லுகிறோம். ஆபத்து தொடங்குவது இங்கேதான். விளக்கு எரியவில்லை என்பது கண்ணால் கண்ட செய்தி. மின்சாரம் இல்லை என்பது நாமாக முடிவுகட்டிக்கொண்ட கருத்து. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுகிறவர்தாம் துணிந்து கம்பியில் கை வைக்கிறார்.

ஓம் விதியும் கிர்க்காஃப் விதிகளும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. செயலிழந்த ஒரு வீட்டு மின்சுற்றில் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும், அதற்கும் மேலாக, உயிரோடு இருந்து கண்டுபிடிக்கவும் அவை உதவுகின்றன. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

ஜெர்மன் அறிஞர் ஓம் 1827ஆம் ஆண்டில் தம் விதியை வெளியிட்டார். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் அது இணைக்கிறது. 1845ஆம் ஆண்டில் கிர்க்காஃப், நம்மைப் போல் மாணவராக இருந்த காலத்திலேயே, சுற்றுகளுக்கான தம் விதிகளைத் தந்தார். இவ்விருவர் கூறியவற்றிலிருந்து வீட்டுக்கு வேண்டிய ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்வோம். மின்னோட்டம் நடைபெற முழுமையான சுற்று வேண்டும். போகும் வழியும் திரும்பும் வழியும் இருக்க வேண்டும். மின்னழுத்தத்திற்கு அவ்வாறு வேண்டியதில்லை. சுற்று அறுந்திருந்தாலும், அறுந்த முனை வரையில் அழுத்தம் வந்து நிற்கும்.

தெருக் குழாயை மூடிவிட்டால் தண்ணீர் ஓடுவதில்லை. ஆனால் குழாய்க்குள் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றுகொண்டுதான் இருக்கிறது. மின்கம்பியும் அப்படியே. விளக்கு எரிய ஓட்டம் வேண்டும். மனிதனைத் தாக்குவதற்கோ அழுத்தம் காத்திருந்தால் போதும். அறுந்துபோன சுற்றை நம் உடல் தரையோடு சேர்த்து முழுமையாக்கிவிடும்.

வீட்டுக்குள் மின்சாரம் வரும் வழி

நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொண்டது. மின்கம்பத்திலிருந்து இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று ஃபேஸ், மற்றொன்று நியூட்ரல். நியூட்ரல் மின்மாற்றியின் அருகில் பூமியோடு இணைக்கப்பட்டிருப்பதால் நல்ல நிலையில் அதற்கும் தரைக்கும் இடையே அழுத்தம் மிகக் குறைவு. எர்த் என்னும் மூன்றாவது கம்பி நம் வீட்டு வளாகத்திலேயே புதைக்கப்பட்ட குழாயிலிருந்தோ தகட்டிலிருந்தோ வருகிறது. அது அன்றாட வேலைக்கு உரியதன்று. ஆபத்துக் காலத்திற்கு உரியது.

மீட்டரைக் கடந்து மெயின் சுவிட்சுக்கும், அங்கிருந்து பகிர்வுப் பெட்டிக்கும் மின்சாரம் செல்கிறது. பழைய வீடுகளில் அங்கே பீங்கான் ஃபியூஸ்கள் இருக்கும். புதிய வீடுகளில் எம்.சி.பி. என்னும் சிறு தானியங்கி சுவிட்சுகளும், ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காவலனும் இருக்கும். பெட்டியிலிருந்து பல கிளைகள் பிரிகின்றன. ஒவ்வொரு கிளையிலும் ஃபேஸ் கம்பி சுவிட்ச் வழியாக விளக்கை அடைகிறது. நியூட்ரல் கம்பியோ ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குச் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு போகிறது. இந்தச் சங்கிலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்கேள்வி: எது எது அணைந்தது?

திருப்புளியை எடுப்பதற்கு முன் காகிதத்தையும் பென்சிலையும் எடுப்பது நல்லது. எந்த விளக்கு எரிகிறது, எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் பிளக் வேலை செய்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். தெரு முழுவதும் இல்லையென்றால் அது மின்வாரியத்தின் வேலை. நம் வீடு முழுவதும் இல்லையென்றால் மெயின் பகுதியைப் பார்க்க வேண்டும். ஒரு விளக்கு மட்டும் இல்லையென்றால் அந்த விளக்கையும் அதன் சுவிட்சையும் பார்த்தால் போதும். சில அறைகள் மட்டும் இருண்டிருந்தால் அவற்றுக்குப் பொதுவானது எது என்று தேட வேண்டும்.

பழுது இருக்கும் இடம், உயிருள்ள கடைசி இடத்துக்கும் உயிரற்ற முதல் இடத்துக்கும் நடுவில்தான். இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டவர் வீடு முழுவதையும் கழற்றிப் போடமாட்டார்.

மூவகை நோய்கள்

செயலிழந்த சுற்றுக்கு வரும் நோய்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, குறுக்குச் சுற்றும் மிகைச் சுமையும். ஃபேஸும் நியூட்ரலும் நேராகத் தொட்டுக்கொள்வது குறுக்குச் சுற்று. ஒரே கிளையில் தாங்குவதற்கு மேல் கருவிகளைப் போடுவது மிகைச் சுமை. இரண்டிலும் ஃபியூஸ் உருகும் அல்லது எம்.சி.பி. விழும். விழுந்த எம்.சி.பி.யின் கைப்பிடி சில வகைகளில் நடுவிலேயே நின்றுவிடும். அதை முழுவதும் கீழே தள்ளிய பிறகே மேலே தூக்க வேண்டும். தூக்கியவுடன் மறுபடி விழுந்தால் பிடிவாதம் கூடாது. அது நோயைச் சொல்லுகிறது. ஃபியூஸ் உருகினால் அதே அளவுள்ள கம்பியைத்தான் போட வேண்டும். பருத்த கம்பியைப் போட்டால் அடுத்த முறை உருகப் போவது ஃபியூஸ் அன்று, சுவருக்குள் இருக்கும் வயர்.

இரண்டாவது, கசிவு. ஃபேஸில் போன ஓட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பாமல் ஒரு பகுதி எர்த் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ போய்விடுவது. போனதும் வந்ததும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை. வீடுகளில் பொருத்தும் வகை, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிடும். இது விழுந்தால் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்ற வேண்டும். பின்பு கிளைகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எந்தக் கிளையில் விழுகிறதோ அக்கிளையே குற்றவாளி. எல்லாக் கிளைகளும் நின்றால் கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாதா, பிளக்கை ஏன் பிடுங்க வேண்டும் என்று கேட்கலாம். சுவிட்ச் ஃபேஸை மட்டுமே பிரிக்கிறது. கருவிக்குள் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தால் சுவிட்ச் அணைந்த நிலையிலும் கசிவு உண்டு.

மூன்றாவது, அறுபட்ட சுற்று. எந்தக் காவலனும் விழுந்திருக்க மாட்டான். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். விளக்கு மட்டும் எரியாது. மூன்றிலும் இதுவே நயவஞ்சகமானது. ஃபேஸ் அறுந்தால் பிளக்கின் எந்தத் துளையிலும் டெஸ்டர் எரியாது. நியூட்ரல் அறுந்தால் நடப்பது வேறு.

இரண்டு துளைகளிலும் எரிந்த டெஸ்டர்

ஓர் ஐப்பசி அடைமழையின்போது எங்கள் வீட்டில் சமையலறையும் பின்கட்டும் கொல்லைப்புறமும் இருண்டுவிட்டன. கூடத்தில் விளக்கு எரிந்தது. எம்.சி.பி. எதுவும் விழவில்லை. அப்பா சமையலறைப் பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எர்த் துளை மேலே இருக்க, நேரே நின்று பார்க்கும்போது வலப்பக்கத் துளை ஃபேஸ். அதில் டெஸ்டர் எரிந்தது. இடப்பக்கத் துளை நியூட்ரல், அதிலும் எரிந்தது. "டெஸ்டர்தான் ரெண்டுலயும் எரியுதே, அப்புறம் லைட்டு ஏன் எரியல?" என்று அம்மா கேட்டார். இயற்பியல் ஆய்வகத்தில் கேட்கத் தகுந்த கேள்வி அது.

அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் உதவிக்கு வந்தார். பின்கட்டு லைன் செத்துவிட்டது என்றும், கறுப்புக் கம்பி நியூட்ரல்தானே, அதைக் கழற்றிப் பார்க்கலாம் என்றும் சொல்லித் திருப்புளியைக் கையில் எடுத்தார். அப்பா தடுத்து, எங்கள் தெருவில் நெடுங்காலமாக வயரிங் வேலை பார்க்கும் பெரியவரை அழைத்துவந்தார்.

"லைன் செத்துப்போச்சுங்கய்யா" என்றார் அந்த அண்ணன்.

"யார் சொன்னா தம்பி? விளக்குதான் செத்திருக்கு, லைன் உசுரோட இருக்கு" என்றார் பெரியவர். பிறகு, "கறுப்புக் கம்பி கடிக்காதுன்னு நம்பி எத்தனையோ பேரு போயிருக்காங்க" என்றார்.

அவர் ஒன்றையும் கழற்றவில்லை. இருண்ட பகுதியில் இருந்த சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். இப்போது நியூட்ரல் துளையில் டெஸ்டர் அணைந்துவிட்டது. கொல்லைப்புறத்தில் இருந்த 60 வாட் குண்டு பல்பின் சுவிட்சை மட்டும் போடச் சொன்னார். டெஸ்டர் மறுபடி எரிந்தது! பல்பு எரியவில்லை. "நியூட்ரல் கட்" என்று சொல்லிவிட்டு மெயினை இறக்கப் போனார்.

கணக்கு சொல்லும் உண்மை

அந்தச் சோதனையின் காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை 230ஐ 230ஆல் பெருக்கி 60ஆல் வகுக்கக் கிடைப்பது, ஏறக்குறைய 882 ஓம். எரியாத நிலையில் இழை குளிர்ந்திருப்பதால் தடை இன்னும் மிகக் குறைவு. டெஸ்டருக்குள் இருக்கும் தடையை ஒரு மெகா ஓம், அதாவது 10 லட்சம் ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் அதன் வழியே போகும் ஓட்டம் சுமார் 0.23 மில்லி ஆம்பியர். அதனால்தான் டெஸ்டரின் தலையைத் தொடும் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் நியான் விளக்கு ஒளிர அவ்வளவே போதும். 1898ஆம் ஆண்டில் ராம்சேயும் டிராவர்சும் கண்டறிந்த அதே நியான் வாயுதான் அது.

இப்போது நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஃபேஸ், சுவிட்ச் வழியாகப் பல்பினுள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, திரும்பும் வழியின்றி நியூட்ரல் கம்பியிலேயே நிற்கிறது. அங்கே டெஸ்டரை வைத்தால் 0.23 மில்லி ஆம்பியர் ஓடும். அந்த ஓட்டத்திற்குப் பல்பின் 882 ஓம் தடையில் இழக்கப்படும் அழுத்தம் 0.2 வோல்ட் மட்டுமே. ஆகவே நியூட்ரல் என்று பெயர் பெற்ற கறுப்புக் கம்பியில் 230 வோல்ட்டும் குறைவின்றி நிற்கிறது. அம்மாவின் கேள்விக்கு விடை இதுதான். இரு துளைகளிலும் அழுத்தம் உண்டு. அழுத்த வேறுபாடு இல்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் ஒளி இல்லை.

அந்தக் கறுப்புக் கம்பியை ஒருவர் ஈரத்தரையில் நின்று தொட்டால் என்னவாகும்? உடலின் தடையை 2000 ஓம் என்றும், பல்பின் தடையை 882 ஓம் என்றுமே வைத்துக்கொள்வோம். 230ஐ 2882ஆல் வகுக்க ஏறக்குறைய 80 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டும்போதே பலருக்குத் தசைகள் இறுகிப் பிடித்த பிடியை விடமுடியாமல் போகிறது. 80 மில்லி ஆம்பியர் சில நொடிகள் நீடித்தால் இதயத்தின் துடிப்பைக் குலைத்துவிடக் கூடியது. 6 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளவே மாட்டாது. அதன் கண்ணுக்கு 80 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டன்று. ஆர்.சி.சி.பி. இருந்தால், ஓட்டம் தரைவழியே போவதைக் கண்டு அது விழும். எம்.சி.பி. காப்பது வயரை, ஆர்.சி.சி.பி. காப்பது ஆளை. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுதல் தவறு.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், எர்த் செய்யப்பட்ட நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக்கூடாது என்று கூறியதன் பொருளும் இப்போது விளங்கும். நியூட்ரல் மட்டும் தனியே பிரிந்தால் வீடு இருண்டுவிடும், ஆனால் உயிரோடிருக்கும். 2010ஆம் ஆண்டில் அவ்விதிகளுக்கு மாற்றாக வந்த ஒழுங்குமுறைகளிலும் இக்கட்டுப்பாடு தொடர்ந்தது.

பாதியாகப் பிரித்தல்

எங்கள் வீட்டில் கூடம் உயிருள்ள கடைசி இடம். சமையலறை உயிரற்ற முதல் இடம். நடுவில் இரண்டே இணைப்புப் பெட்டிகள். மெயினை இறக்கிய பின் முதற்பெட்டியைத் திறந்தார் பெரியவர், நன்றாக இருந்தது. சமையலறை வாசலுக்கு மேலிருந்த இரண்டாம் பெட்டியில் மழைநீர் கசிந்து, முறுக்கிவிட்டிருந்த பழைய நியூட்ரல் இணைப்பு பச்சை பூத்து, டேப் கருகி, பிரிந்து கிடந்தது.

விடுதித் தாழ்வாரம்போல் நீண்ட இடங்களில் இவ்வளவு எளிதாக அமையாது. பதினாறு இணைப்புகள் வரிசையாக இருந்து, கடைசி விளக்கு மட்டும் எரியவில்லை. நடுவில் உள்ளவற்றின் நிலை தெரியவில்லை என்போம். ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாகச் சோதித்தால் பதினைந்து சோதனைகள் வரை ஆகலாம். நடுவிலுள்ளதைச் சோதித்தால் பாதி சுற்று குற்றமற்றது என்று ஒரே சோதனையில் தெரியும். மீதியை மறுபடி பாதியாக்கினால் 16, 8, 4, 2, 1 என நான்கே சோதனைகளில் பழுதைப் பிடிக்கலாம். கணித வகுப்பில் 2ஐ அடியாகக் கொண்ட மடக்கை என்று படிப்பது ஏணியின் மேல் நிற்கும் வயர்மேனுக்குப் பதினொரு முறை வரை ஏறி இறங்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது.

இணைப்பு ஏன் கருகுகிறது?

தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை உண்டானதாகக் கொள்வோம். 2000 வாட் வெந்நீர்க் கருவி ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க அந்த இணைப்பில் உண்டாகும் வெப்பம் சுமார் 38 வாட். ரேடியோ பழுதுபார்ப்போர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னில் 25 வாட் வகையே பலரிடம் உண்டு. அதைவிடச் சூடான ஒன்று ஒரு திருகாணியின் தலையளவு இடத்தில், சுவருக்குள், மணிக்கணக்கில் இருந்தால் என்னவாகும்! வெப்பத்தால் இணைப்பு மேலும் தளரும். தளர்வால் தடை கூடும். தடையால் வெப்பம் கூடும். பிளக் பழுப்பேறுதல், மீன் நாற்றம்போன்ற நெடி, விளக்கு விட்டுவிட்டு எரிதல் ஆகியன இந்நோயின் முன்னறிகுறிகள். அணைந்த பிறகு தேடுவதைவிட, அறிகுறி தெரிந்தபோதே பார்ப்பது சிக்கனம்.

கை வைக்குமுன் கருதவேண்டியவை

டெஸ்டர் எரிந்தால் மின்சாரம் உண்டு எனலாம். எரியாவிட்டால் இல்லை எனல் ஆகாது. நியான் பழுதாகியிருக்கலாம், மரப்பலகைமேல் நிற்பதால் மங்கியிருக்கலாம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். ஆகவே முதலில் உயிருள்ள இடத்தில் டெஸ்டரைச் சோதிக்க வேண்டும்; அடுத்து, இறந்ததாகக் கருதும் இடத்தில்; மூன்றாவதாக, மீண்டும் உயிருள்ள இடத்தில். மூன்றும் சரியாக அமைந்தால்தான் நடுவில் கிடைத்த விடையை நம்பலாம். டிஜிட்டல் மீட்டரோ எதிர்மாறாக ஏமாற்றும். அதன் உட்தடை மிக அதிகமாதலால், எங்கும் இணைக்கப்படாத கம்பியிலும் பக்கத்துக் கம்பியின் தூண்டலால் பல பத்து வோல்ட்டுகளைக் காட்டும்.

இன்று பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை இறக்கியவுடன் அது தன் கடமையைச் செய்யத் தொடங்கி, பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அதே கம்பிகளுக்கு அனுப்பும். மெயினை இறக்கிவிட்டோம் என்ற நிம்மதியே ஆபத்தாகிவிடும் இடம் இது. இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் பிறகும் சோதித்தே தொட வேண்டும்.

மும்முனை இணைப்புள்ள வீட்டில் சில விளக்குகள் மங்கியும் சில அளவுக்கு மீறிப் பளிச்சென்றும் எரிந்தால், பொது நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட் கருவிகள் மீது 400 வோல்ட் வரை பாயக்கூடிய நிலை அது. ஆராய்ச்சி வேண்டா, உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

நம்மைப் போன்றவர்கள் செய்யத்தக்கவை எவை? பட்டியல் எழுதலாம், பிளக்குகளைப் பிடுங்கலாம், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கலாம், ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி அது விழுகிறதா என்று பார்க்கலாம். பெட்டியைத் திறப்பதும் இணைப்பைக் கழற்றுவதும் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனின் வேலை. நாம் எழுதிக் கொடுக்கும் பட்டியல் அவர் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

மாணவ நண்பர்களே! மருத்துவர் ஒருவர், நோயாளி அசையவில்லை என்பதை மட்டும் கண்டு இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுப்பதில்லை. நாடியைத் தொட்டுப் பார்க்கிறார்; மீண்டும் பார்க்கிறார். இருண்ட விளக்கின் முன் நிற்கும் நமக்கும் அந்தப் பொறுமை வேண்டும். "கரண்ட் இல்லை" என்று சொல்வதற்கு முன் "விளக்கு எரியவில்லை" என்று மட்டும் சொல்லப் பழகுவோம். கண்டதைக் கண்ட அளவில் சொல்லுதல் அறிவியலின் முதற்பாடம். வீட்டு மின்சாரத்தைப் பொறுத்தவரையில் உயிர் காக்கும் பாடமும் அதுவே.